இன்னைக்கு என்ன பட்டிருக்கு? தூத்துக்குடிக் கரையில் மீனும் சோறுமாக

சனிக்கிழமை, திரேஸ்புரம்

முத்துநகர் ரயிலை விட்டு இறங்கியதும் நண்பன் வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்து, ஒரு காபி குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தேன். அவன் விடவில்லை. "இன்னைக்கு சனிக்கிழம லே. நீ காபி குடிச்சிட்டு வந்தா வெறுங்கூடையத்தான் பாக்கணும்" என்று என் பையைப் பிடுங்கி ஸ்கூட்டரில் காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு நேராகத் திரேஸ்புரத்துக்கு விட்டான்.

சனிக்கிழமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டார்கள். அதனால் வாரத்தில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்த நாட்டுப்படகுகளும் சனிக்கிழமை கரைக்கு வந்துவிடும். ஊர்க்காரர்களில் பலருக்கும் மதுரை, திருநெல்வேலிக்காரர்களுக்கும் ஞாயிறுதான் மீன் தின்கிற நாள், கேரள வண்டிகளும் சனிக்கிழமைதான் ஐஸ் பெட்டிகளோடு வரிசையாக நிற்கும். ஆக வாரத்திலேயே அதிக மீன் வருவதும் அதிக விலை போவதும் ஒரே நாளில். வரத்து கூடினால் விலை இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் இங்கே சனிக்கிழமை காலையில் மறந்துவிட வேண்டியதுதான்.

தூத்துக்குடியில் மீன் இறங்கும் இடம் ஒன்றல்ல. கடலடியில் மடி வலை இழுக்கும் விசைப்படகுகளுக்குத் தனியாக மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, அது ராத்திரிச் சந்தை, திங்கட்கிழமை அங்கே போவதாகத் திட்டம். திரேஸ்புரம் நாட்டுப்படகுக்காரர்களின் கரை. நாட்டுப்படகு என்றதும் பாய்மரம் கட்டிய பழைய வல்லத்தைக் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். இப்போது பெரும்பாலும் ஃபைபர், இன்ஜின் இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது. வித்தியாசம் வலையிலும் தூண்டிலிலும்தான். இவர்கள் அடியை அரித்துக்கொண்டு போவதில்லை, எந்த மீனுக்குப் போகிறார்களோ அதற்கேற்ற கண்ணளவு உள்ள வலையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் ஒவ்வொரு படகிலிருந்தும் இறங்குவது ஒன்றிரண்டு வகை மீன்தான், ஆனால் அடிபடாமல் முழுசாக இருக்கும்.

கரையில் தார்ப்பாய் விரித்து மீனைக் கூறு கூறாகக் கொட்டுகிறார்கள். ஒரு படகில் விளமீன், பக்கத்துப் படகில் பாறை, அடுத்ததில் ஊளி, ஒருவர் இரண்டே இரண்டு பெரிய கலவாயோடு வந்திருந்தார், அவரைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். ஏலம் தொடங்குவதும் முடிவதும் கண்ணுக்குப் பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏலம் விடுகிறவர் ஒரு தொகையைச் சொல்லி அதையே பாட்டாக இழுக்கிறார், சுற்றி நிற்பவர்களில் யாரோ தாடையை அசைக்கிறார், இன்னொருவர் விரலைக் காட்டுகிறார், அரை நிமிடத்தில் கூறு கைமாறிவிடுகிறது. பிடித்து வந்தவர் வாயே திறக்கவில்லை. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி மூலமாகத்தான் பலர் மீனை விற்க முடியும், ஏலத்தொகையில் ஒரு பங்கு தரகாகப் போய்விடும் என்று நண்பன் காதோடு சொன்னான். கடலில் ராத்திரி முழுக்க நின்றவருக்கு விலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பது பார்க்க நன்றாகவே இல்லை.

ஏலத்தில் எடுத்த மீனைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சில்லறையாக விற்கிற பெண்களிடம்தான் நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியும். எங்களுக்கு முன்னால் காரில் வந்த ஒரு மதுரைக் குடும்பம் நின்றிருந்தது. "வஞ்சிரம் இருக்காம்மா?" என்று கேட்டார் குடும்பத் தலைவர்.

"சீலாவா கேக்கிய? கிலோ ஆயிரத்தி இருநூறு அண்ணாச்சி."

அவர் சற்றுப் பின்வாங்கினார். வேறு எங்கேயாவது குறைவாகக் கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார்.

"நாங்களே அத வாங்கித் திங்க மாட்டோம் பாத்துக்கிடுங்க. சாளை பட்டிருக்கு இன்னைக்கு, கடல்ல இருந்து இப்பம்தான் வந்தது, அத விட்டுட்டு சீலா சீலான்னுட்டு அலையுதிய."

அவர்கள் சீலாதான் வாங்கிப் போனார்கள், ஒரு கிலோ, துண்டு போட்டு. நாங்கள் சாளைக்குக் குனிந்தோம். (சென்னையில் இதை மத்தி என்றுதான் கேட்டு வாங்குவேன்.) அமாவாசை நெருங்குகிறது, இருட்டு நாட்களில்தான் சாளை நன்றாகப் படும், நிலா வெளிச்சம் இருந்தால் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்று அந்த அக்கா சொன்னார். சாளை வாங்கும்போது கண்ணையும் செவுளையும் எல்லோரும் பார்ப்பார்கள், வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று நண்பன் காட்டிக்கொடுத்தான். சாளைக்கு முதலில் போவது வயிறுதான், கொழுப்பு மீன், நேரமானால் அடிவயிறு இளகிப் பிய்ந்துவிடும். இது விறைத்து நின்றது. நடுவில் பிடித்துத் தூக்கினால் வால் தொங்கவில்லை. அதோடு ஒரு நடுத்தர ஊளியும் அரைக் கிலோ ஊசிக்கணவாயும் எடுத்துக்கொண்டோம், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு கிலோ சீலாவின் விலை வரவில்லை.

சுத்தம் செய்து தருவதற்குத் தனியாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு ஒரு பாட்டி ஊளியைச் செதில் உரசித் துண்டு போட்ட வேகத்தை அரைமணி நேரம் கூடப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஆனால் பின்னால் ஆள் நின்றது. "தலைய வைக்கட்டா, கொடுக்கட்டா?" என்று கேட்டார். தலை வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் போலிருக்கிறது, அவர் காலடிப் பூனைகள் அதனால் நன்றாக இருந்தன.

நண்பனின் அம்மாவுக்குப் பிறந்த வீடு குமரிப் பக்கம். சாளையைக் கண்டதும் குழம்பா பொரியலா என்றெல்லாம் கேட்கவில்லை, அவியல்தான் என்று முடிவு செய்துவிட்டார். தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள், எல்லாவற்றையும் கொரகொரவென்று அம்மியில் தட்டி, மாங்காயைச் சீவிப் போட்டு, மீனோடு சேர்த்துக் கையால் பிசறி, மண்சட்டியில் கையளவு தண்ணீர் தெளித்து மூடி வைத்தார். கரண்டி போடக் கூடாதாம், மீன் உடையும். துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி ஒரு சுழற்று, அவ்வளவுதான். இறக்கும்போது கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காயெண்ணெயும். நான் மத்தியைச் சென்னையில் பலவிதமாகச் சாப்பிட்டிருக்கிறேன், பெரும்பாலும் மிளகாய்த்தூளில் முக்கிப் பொரித்து. இதில் மிளகாய்த்தூளே இல்லை, மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை, மாங்காய்ப் புளிப்புக்கு நடுவில் மீனின் கொழுப்பு தனியாகத் தெரிகிறது. பழைய மீனில் இதைச் செய்தால் வாயில் வைக்க முடியாது. ஊளிப் பொரியலும் நன்றாகத்தான் இருந்தது, கணவாய்த் தொக்கும்தான், ஆனால் அவற்றை ராத்திரிக்கு எடுத்து வைக்கும்படி ஆகிவிட்டது.

ஞாயிறு

கரையில் ஒன்றுமில்லை. படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன, சிறுவர்கள் ஏலம் நடந்த இடத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் மீன்கடைகள் திறந்திருந்தன, நேற்றைய மீன் ஐஸில். அதையும் கூட்டமாக வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பனிமய மாதா பேராலயத்துக்குப் போனோம். மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்வார்கள், இப்போதிருக்கும் கோயில் 1713-இல் எழுந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவர்களாக மாறிய காலத்திலிருந்து இந்த ஊரின் நாள்காட்டி கோயில் மணியோடு பிணைந்திருக்கிறது. ஆகஸ்ட் 5 திருவிழா, அப்போது வந்தால் தங்க இடம் கிடைக்காது என்று எச்சரித்தார்கள். முத்து என்று சொன்னாலும் முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை, சிப்பி வளரும் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்கள் மீளவே இல்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள், திரேஸ்புரத்திலேயே. சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகிறது, உள்ளே இருக்கும் சதை ஊரிலேயே குழம்பாகிவிடுகிறது. எனக்குக் கிடைக்கவில்லை, கேட்ட வீட்டில் "நேத்து வந்திருக்கப்பிடாதா" என்றார்கள்.

மத்தியானம் நண்பன் வீட்டில் ஆட்டுக்கறி. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே வாசனைதான். வாரம் முழுக்க மீன் தின்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது மாறுதல் வேண்டாமா என்று அம்மா கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மாலையில் பொரிச்ச பரோட்டா, அப்புறம் பேக்கரியில் மக்ரூன், முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும், வாயில் வைத்தால் காணாமல் போகிறது. இதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

திங்கள், தருவைகுளமும் ராத்திரித் துறைமுகமும்

காலையில் வடக்கே தருவைகுளம். போகிற வழியெல்லாம் உப்பளம். ஜனவரி கடைசி என்பதால் மழைத்தண்ணீரை வடித்துப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள், போன பருவத்து உப்பு அம்பாரம் அம்பாரமாகப் பனையோலை மூடிக் கிடந்தது.

தருவைகுளத்துக்காரர்கள் பருவலை போடுகிறவர்கள். நீளமான வலையைக் கடலில் மிதக்கவிட்டு நீரோட்டத்தோடு போக விடுவார்கள், பல நாள் தங்குவார்கள், ஆழ்கடல் மீன்தான் குறி. நாங்கள் போனபோது இரண்டு படகு வந்து நின்றது. ஐஸ் அறையிலிருந்து சூரையை ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள், சிமெண்டுத் தரையில் கட்டை விழுகிற சத்தம். இடையில் சீலா, கட்டா, அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு மயில்மீன். முதுகில் பாய்மரப் பாய் போல விரியும் அந்தத் துடுப்பைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அது மடங்கி ஒட்டிப்போய்க் கிடந்தது, ஒரு பையன் இழுத்து விரித்துக் காட்டினான், கருநீலத்தில் புள்ளிகள், ஈரம் காயக் காய நிறம் மங்கிக்கொண்டே வந்தது.

இவ்வளவு சூரையை யார் தின்கிறார்கள் என்றால், கேரளா. நம் பக்கத்தில் சூரையை மட்டமாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது, கறுத்த சதை, ரத்தவாடை என்பார்கள். அதில் பாதிக் குற்றம் மீனுடையது அல்ல. சூரையைப் பிடித்த உடனே ஐஸில் புதைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் அதன் சதையில் ஒரு நஞ்சு ஊறிவிடும், தின்றவர்களுக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. படகிலேயே தலைமுதல் வால்வரை ஐஸ் பார்த்த சூரை வேறு மீன். இதை என்னிடம் சொன்னவர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "எங்களுக்கு டீசலும் ஐஸும்தான் தம்பி தொழிலு, மீனு அப்புறம்தான்" என்றார். ஒரு தடவை தங்கிவர எவ்வளவு செலவாகும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அடுத்த ஐஸ் பாளத்தை இழுத்தார்.

கரையைத் தாண்டினால் கருவாட்டுக் களம். விற்காத மீன்தான் கருவாடாகும் என்று நினைப்போம், பாதி உண்மை. மிச்சமானதும் உடைந்ததும் உண்டு, ஆனால் கருவாட்டுக்கென்றே ஏலத்தில் மீன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய மீனை முதுகுப்பக்கம் கீறி விரித்து, குடல் எடுத்து, உப்பை அழுத்தித் தேய்த்துத் தொட்டியில் ஒரு ராத்திரி அடுக்கி, மறுநாள் கழுவி வெயிலில். உப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை, வழியில் பார்த்ததுதான். நெத்திலிக்கு உப்பு வேண்டாம், வெயில் போதும், ஆனால் எதன்மேல் காய்கிறது என்று பார்க்க வேண்டும். மணலில் காய்ந்ததைக் கழுவிக் கழுவி வாங்கியவர்களுக்குத்தான் அந்தத் துன்பம் தெரியும். இங்கே வலையைத் தரைக்குமேல் இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பியிருந்தார்கள், மேலும் கீழும் காற்று. முக்கால் கிலோ வாங்கினேன். அப்படியே வாயில் போட்டால் உப்பே இல்லை, இனிப்பு தட்டுகிறது.

மாசியும் வாங்கினேன், ஊருக்குள் வந்து. சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்து மரக்கட்டையாக்கிய சரக்கு அது. கத்தி இறங்காது, இடித்துத்தான் பொடிக்க வேண்டும். தூத்துக்குடித் தோணிகளுக்கும் மாலத்தீவுக்கும் நடுவே பழங்காலம்தொட்டு ஓடும் வியாபாரத்தோடு இந்த ருசியும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. தேங்காயும் வற்றலும் வைத்து அரைக்கிற சம்பலில் ஒரு கரண்டி மாசித்தூள் போட்டால் போதும், அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம்.

ராத்திரி மீன்பிடித் துறைமுகம். இந்த ஊர் விசைப்படகுகள் ஒருநாள் தொழில்தான். காலை 5 மணிக்குப் பிறகு புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும், கரையை ஒட்டிய கடலில் மடி இழுக்கக் கூடாது, 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு வந்த விதிகள். அந்தக் கரையோரக் கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கானது. விதியை யார் மீறினார்கள் என்று இரண்டு தரப்பும் நிறையக் கதை சொல்வார்கள், அதற்குள் போனால் விடிந்துவிடும்.

ஏழரைக்கு மேல் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கோடு உள்ளே வர ஆரம்பித்தன. திரேஸ்புரம் பார்த்த கண்ணுக்கு இது வேறு உலகம். அங்கே மீனுக்குப் பெயர் இருந்தது, இங்கே எடை. பிளாஸ்டிக் கூடைகள், தராசு, கம்பெனி ஆட்கள், ஃபோனில் கொச்சிக்குப் பேசுகிறவர்கள். படகிலேயே தரம் பிரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், ஓட்டுக்கணவாய் தனி, ஊசிக்கணவாய் தனி, இறால் தனி, நண்டு தனி, நகரையும் கிளாத்தியும் தனித்தனி. பேய்க்கணவாய் ஒரு கூடை நிறைய, எட்டுக் காலும் பின்னிக்கொண்டு. ஓட்டுக்கணவாய்க்குத்தான் போட்டி, அது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, நம்மூர்க் கடைக்கு வருவது அதில் கழித்த பின் மிஞ்சியது. கணவாய் மை ஊறித் தரையெல்லாம் கறுப்பு, செருப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது.

கடைசியாக இறங்கியது கழிவு மீன். நான் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், குவியலாகப் பார்த்ததில்லை. விரல் நீளத்துக்கு, அதற்கும் கீழே, என்ன மீனின் குஞ்சு என்றே சொல்ல முடியாத பொடி மீன்கள், நண்டுக்குஞ்சு, சிப்பி, பாசி எல்லாம் கலந்து மண்வெட்டியால் அள்ளுகிற அளவுக்கு. அரைத்துக் காயவைத்துக் கோழித்தீவனமாகவும் இறால் பண்ணைத் தீவனமாகவும் போகிறது. கிலோவுக்குக் கிடைப்பது சில ரூபாய். சனிக்கிழமை ஆயிரத்தி இருநூறு விலை பேசிய சீலாவின் குஞ்சு அதில் இருந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை நிறுத்துவது மீன் இனப்பெருக்கத்துக்காக என்கிறோம். மிச்ச பத்து மாதம் இந்த மண்வெட்டி ஓய்வதில்லையே என்று நண்பனிடம் சொன்னேன். அவன் சித்தப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர், அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கழிவு மீன் காசு பலநேரம் படகில் வேலை செய்கிறவர்களின் கைச்செலவுக்குப் போகிறது, அதை எடுத்துவிட்டால் யார் மடி இழுக்க வருவார்கள் என்று கேட்டான். டீக்கடை வரை வாதம் நீண்டது. ஒன்றும் முடியவில்லை.

அந்த நேரத்துக்குத் திறந்திருந்த ஒரு பரோட்டாக் கடையில் கணவாய் வறுவல் கிடைத்தது. கணவாய்க்கு இரண்டே வழிதான், ஒன்று இரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் வேக விட வேண்டும், நடுவில் நிறுத்தினால் ரப்பர். இந்த மாஸ்டர் இரும்புக்கல்லில் மிளகு தூவிப் புரட்டி உடனே எடுத்துவிட்டார். இரண்டாவது தட்டும் சொன்னோம்.

செவ்வாய், மணப்பாடு

தெற்கே பஸ். பழையகாயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் என்று கடலோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. திருச்செந்தூரில் இறங்கி முருகனைப் பார்த்துவிட்டு வேறு பஸ் மாறினோம். கோயில் வாசலில் எங்கும் சைவச் சாப்பாடுதான், கொஞ்சம் தள்ளி அமலிநகரில் படகுகள் மீனோடு வந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே கடற்கரைதான்.

குலசேகரன்பட்டினத்தைத் தாண்டும்போது நண்பன் இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளம் வரும் பக்கத்தைக் காட்டினான், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் மணப்பாட்டுக்காரர், கடலுக்குப் போகிறவர். "ராக்கெட் விடுத அன்னைக்கெல்லாம் எங்கள கடலுக்குப் போவாதன்னு சொல்லுவாவல்லா? அன்னைக்குச் சோறு யாரு போடுவா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார், நாங்கள்தான் ஏவப் போகிறோம் என்பதுபோல.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் தூரத்திலிருந்தே தெரிகின்றன. புனித சவேரியார் 1542-இல் வந்து தங்கிய குகை மேட்டின் கடல்பக்கச் சரிவில் இருக்கிறது, உள்ளே ஒரு கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. அந்த மேடு ஒரு பக்கம் காற்றை மறைத்துக்கொள்வதால் உள்வளைவில் கடல் அடங்கி நிற்கிறது, படகுகளெல்லாம் அங்கேதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த மறைவு இல்லாவிட்டால் கரையில் படகு நிற்காது என்றார்கள்.

கரையில் ஒரு படகில் சிங்கி இறால் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்லும் பாரும் உள்ள இடத்தில் ராத்திரி வலை போட்டு விடியலில் எடுப்பது. வலையிலிருந்து ஒரு சிங்கியைக் கால் ஒடியாமல் எடுக்க ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, ஏனென்றால் உயிரோடும் முழுசாகவும் இருந்தால் ஒரு விலை, மீசை முறிந்தாலே வேறு விலை. எடுத்ததை ஈரச்சாக்கில் வைத்து ஓரமாக நிழலில் வைத்தார்கள். நான்கைந்துதான். வியாபாரி பைக்கில் வந்து எடுத்துக்கொண்டு போனார், விமானத்தில் உயிரோடு போகுமாம். நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று வலை பிரித்தவரிடம் கேட்டேன். "சின்னப்பிள்ளையில தின்னிருக்கேன். அப்பம் அதுக்கு விலை கிடையாது" என்றார்.

அவர் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்தது ஒரு பை நிறையக் காரல். வெள்ளிக்காசு நிறத்தில், கையகலத்தில், சப்பையாக, முள்தான் அதிகம். நகரத்தில் யாரும் சீந்தாத மீன். எங்கே சாப்பிடலாம் என்று அவரிடமே கேட்டோம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்திண்ணையில் நான்கு பெஞ்சு போட்டுச் சோறு போடுகிறார்கள் என்று காட்டினார். பலகையில் மெனு எதுவும் இல்லை. "இன்னைக்குக் காரல்தான் பட்டிருக்கு, அதான் குழம்பு. வேணும்னா முட்ட பொரிச்சுத் தாரேன்" என்றார் அந்த அம்மா.

புளியும் தேங்காயும் நல்லமிளகும் தூக்கலாக, செக்கச்செவேல் என்றில்லாமல் மஞ்சளும் பழுப்புமாக ஒரு குழம்பு. காரலை முள்ளோடு வாயில் போட்டு உறிஞ்சி முள்ளை மட்டும் வெளியே எடுக்க வேண்டும், உட்கார்ந்திருந்த எல்லோரும் பேச்சில்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு நேரம் பிடித்தது, இலையோரம் முள் குவிந்துகொண்டே போனது. சதை கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் இருக்கிற ருசி மொத்தமும் குழம்பில் இறங்கிவிடுகிறது. அம்மா மறுபடி மறுபடி வந்து, "குழம்ப ஊத்தட்டா? மீனு போடட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டுக்கும் தலையாட்டினேன்.

ஆளுக்கு நூறு ரூபாய். மீன் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டோமே, கூடக் கொடுக்கிறேன் என்று நீட்டியதற்கு, "காரலுக்குப் போயி யாராவது கணக்குப் பாப்பாவளா?" என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருச்செந்தூர் பஸ் ஹாரன் அடித்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.